அரசு அலுவலகத்தில் லினக்ஸ்: பணி ஆணை இல்லாமல் உள்ளே போகாதீர்கள்

கோத்தகிரியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மலையில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் பதினொரு கணினிகளை விண்டோஸிலிருந்து, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இன்னும் வேலை செய்யும் நல்ல மனிதர்கள் இரண்டு பேருக்குத்தான் தொல்லை. மாற்றம் நடந்தது, கணினிகள் ஓடின, ஊழியர்கள் பழகியும்விட்டார்கள். பணம் மட்டும் வரவில்லை. உதிரி பாகங்களுக்கு என் கையிலிருந்து போட்டது 34,000 ரூபாய், கூலியாகப் பேசியது 26,000. லினக்ஸை நிறுவுவது எப்படி என்று தமிழிலேயே வேண்டிய மட்டும் பாடங்கள் கிடைக்கின்றன. அதை ஓர் அரசு அலுவலகத்துக்குள் கொண்டுபோய் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 தொடக்கத்தில் அந்த அலுவலகத்தின் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அந்த ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியப் போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. அங்கே இருந்தவை எல்லாம் அதற்கும் முந்தையவை, 4 ஜிபி நினைவகம், பழைய வன்தட்டு. பதினொரு புதிய கணினி வாங்க நிதி இல்லை. நல்ல இரும்பு, தூக்கிப் போட மனம் வரவில்லை. வன்தட்டுக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓடும் என்றேன். 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்புக்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. "மார்ச் 31-க்குள் பில் போட்டுவிடலாம், நீங்கள் ஆரம்பியுங்கள் மேடம்" என்றார். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணம் திரும்பிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள பயம். கோவைக்கு இறங்கி, என் கடையின் பெயரில் ரசீது போட்டு உதிரி பாகங்களை வாங்கி வந்தேன். இந்த ரசீது பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் முட்டுக்கட்டை தொழில்நுட்பத்தில் வரவில்லை. கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இதன் கம்பெனி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். டெபியனுக்குக் கம்பெனி இல்லை சார், 1993-இல் தொடங்கி உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது என்றேன். "அப்படியென்றால் கெட்டுப்போனால் யாருக்குக் கடிதம் எழுதுவது?" இது கிண்டல் கேள்வி என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான். கோப்பில் விற்பனையாளர் பெயர், முகவரி, உத்தரவாதக் காலம் என்று இடம் இருக்கிறது. தன்னார்வலர் சமூகம் என்று எழுத இடம் இல்லை. அந்த இடத்தில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும், அதற்குக் காசு கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டற்ற மென்பொருளின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் அவர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டாவது கேள்வி, இதற்கு அரசாணை இருக்கிறதா என்பது. கையில் தாள் இல்லாமல் போகாதீர்கள். மத்திய அரசு 2015-இல் திறமூல மென்பொருள் (லினக்ஸ் போல, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) கொள்கையை அறிவித்தது. அதன்படி மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திறமூல மென்பொருளையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் விற்பனையாளர் ஏன் தவிர்த்தார் என்று காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அது மத்திய அரசு அமைப்புகளுக்கும், அதை ஏற்க விரும்பும் மாநிலங்களுக்கும் உரியது. இந்த நுணுக்கத்தைச் சொல்லாமல் தாளை நீட்டினால், படிக்கத் தெரிந்த கண்காணிப்பாளர் அதே பத்தியில் விரலை வைத்துத் திருப்பித் தருவார். நம் மாநிலத்துக்கும் சொந்த வரலாறு உண்டு. 2000-களின் நடுவில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடியவிருந்த சமயத்தில், தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். இதைச் சொன்ன பிறகே கண்காணிப்பாளர் முகம் சற்று இளகியது. "ஆமாம், மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியில் இருந்ததே" என்றார்.

நிறுவுவது சில நாள் வேலை. அதிகமாக நேரத்தைத் தின்றது தமிழ். 2010-லேயே தமிழக அரசு ஒருங்குறி (யூனிகோட்) என்ற பொதுவான எழுத்துக் குறியேற்றத்தை ஏற்றுவிட்டது. ஆனாலும் அலுவலக வன்தட்டுகளில் கிடந்த கோப்புகளில் பெரும்பகுதி பழைய எழுத்துருக்களில் தட்டியவை. அவற்றில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு நிறுவியிருந்தால் அவை தமிழ் உருவம் காட்டும், இல்லாவிட்டால் பூச்சி பறந்தது போலத் திரை நிறையும். ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தனி எழுத்தாக நிற்கும், 'கொ' என்பது மூன்று துண்டாக இருக்கும். பைதான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற திறந்த நிரல் தொகுப்பு இருக்கிறது, பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி அதில் தயாராக உள்ளது. தமிழ் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் செய்துவைத்த வேலை; அது இல்லையென்றால் நான் அன்றே கடையைப் பூட்டியிருப்பேன்.

ஆனால் அது எழுத்துச் சரத்தை மாற்றும். எந்தச் சரம் தமிழ், எந்தச் சரம் உண்மையிலேயே ஆங்கிலம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பயனாளிகள் பட்டியல் ஒன்றில் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருவில், வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆங்கில எழுத்துருவில். முழுத் தாளையும் ஒரே வீச்சில் மாற்றினால் வங்கிக் குறியீடு தமிழ் உளறலாகிவிடும், அதற்குமேல் யாருடைய பணம் யார் கணக்குக்குப் போகும் என்று அந்த மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம். எனவே கோப்பைத் திறந்து, எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு பூசப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தமிழ் எழுத்துரு உள்ள துண்டை மட்டும் மாற்றும்படி நிரல் எழுதினேன். அப்போதும் ஒரே தாளில் இரண்டு வேறு பழைய எழுத்துருக்கள் கலந்திருந்தன. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் விடுப்பில் போக, இன்னொருவர் தட்டியிருப்பார். மூலக் கோப்புகளை ஒன்றுகூட அழிக்காமல் தனி வன்தட்டில் வைத்து, மாற்றியவற்றை அந்தந்தப் பிரிவு ஊழியரே சரிபார்த்துக் கையெழுத்திடும்படி கேட்டேன். முகம் சுளித்தார்கள். விடாதீர்கள், கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு ஒரு பெயர் தப்பாக அச்சானால் முதலில் நினைவுக்கு வருவது உங்கள் பெயராகத்தான் இருக்கும்.

தட்டச்சர் அக்கா ஒருவர் இருந்தார். தமிழ்த் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர், விசைப்பலகையைப் பார்க்காமலே பக்கம் பக்கமாகத் தள்ளுவார். தமிழ்99 விசைப்பலகை எளிது என்று அவரிடம் நான் ஆரம்பித்ததும், "எத்தனை வருடப் பழக்கம் தெரியுமா உனக்கு?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிட்டார். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்ற தொகுப்பின் விசைப்பலகைகளை நிறுவினால் பழைய தட்டச்சு முறையும் அதில் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தபின் மதியத்துக்குள் ஒரு நீண்ட கடிதத்தைத் தட்டிக் காட்டினார். அலுவலகத்தில் மற்றவர்கள் லினக்ஸை ஏற்றுக்கொண்டதற்கு அதிகாரியின் உத்தரவைவிட இந்த அக்கா காரணம். எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் அவரைப் பாருங்கள்.

பிரிண்டர் வேறு கதை. மேசைக்கு மேசை இருக்கும் அந்தச் சிறிய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) கிடைத்தது, ஆனால் பழையது, 32-பிட் நிரல் நூலகங்களைக் கேட்டு அடம்பிடித்தது, இரண்டு பக்கம் அச்சிட்டுவிட்டு உறைந்துபோனது. வெளியே மூடுபனி, உள்ளே மின்சாரம் வந்து வந்து போகிறது, மறுநாள் காலை கூட்டத்துக்கு அறிக்கை வேண்டும் என்று எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்த இரவு நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இணையத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்றில் மாதிரி எண், கர்னல் (லினக்ஸின் கரு) பதிப்பு, பிழைச் செய்தி, இதுவரை முயன்றது எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர், அந்தப் பிரிண்டர் கணினியோடு பேசும் முறையை வெளியிலிருந்து பிரித்தறிந்து வேறொருவர் எழுதிய இயக்கியைக் காட்டினார். விடியும்போது அச்சு வந்தது. "உதவுங்கள், அவசரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் தொடங்கும் முன்பே, எந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடும் என்று சொல்லும் ஓப்பன்பிரிண்டிங் தரவுத்தளத்தில் அந்த அலுவலகத்தின் ஒவ்வொரு பிரிண்டரையும் தேடிப் பாருங்கள். புதிதாக வாங்கச் சொல்வதானால் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது அச்சு முறைக்கு ஆதரவு உள்ளதைச் சொல்லுங்கள், அதற்குத் தனி இயக்கியே வேண்டாம். டிஜிட்டல் கையொப்பம் இடும் யுஎஸ்பி டோக்கனுக்காக ஒரு கணினியையாவது விண்டோஸிலேயே விட்டுவையுங்கள். டோக்கன்கள் பலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி உண்டு. இணையதளங்கள் கேட்கும் கையொப்பச் செயலிதான் பல இடங்களில் விண்டோஸுக்கு மட்டும் வருகிறது. நான் பத்தை மாற்றி ஒன்றைத் தனியாக வைத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். அவர் சொன்னபடியே பிறகு ஒன்றைத் திருப்பினோம்.

மார்ச் போயிற்று. அதிகாரி என் பில்லைக் கையில் வாங்கினார், கோப்பு எழுதச் சொன்னார், ஆண்டு முடிவு நெருக்கடியில் அது எழுதப்படவே இல்லை. ஏப்ரல், மே மலையில் சீசன். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, இ-பாஸ் சோதனை, போக்குவரத்துப் பணி என்று அரசு ஊழியர் யாரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள். மலையில் அரசு வேலை எடுப்பவர்கள் அந்த இரண்டு மாதத்தை நாட்காட்டியிலிருந்தே கிழித்துவிடலாம். சீசன் முடிந்து போனபோது அதிகாரிக்கு மாற்றல் வந்திருந்தது. என்னிடம் தொலைபேசியில் உண்மையாகவே வருந்தினார், வந்தவரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். வந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுவிட்டுக் கூலியா? தணிக்கையில் நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். வாங்கின எஸ்எஸ்டிகள் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை, ஏனென்றால் ரசீது என் பெயரில் இருந்தது. பணி ஆணை இல்லை, விலைப்புள்ளி (கொட்டேஷன்) இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கோப்பின் நகலைக் கேட்டேன். அவர்களுக்கு உள்ள முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. அதில் என் பெயர் எங்குமே இல்லை. அத்தனை மாதம் நான் அந்த அலுவலகத்தில் இருக்கவே இல்லை என்பதுபோல. பணத்தைவிட இதுதான் வலித்தது.

கொஞ்ச நாள் லினக்ஸ் என்ற பேச்சே வேண்டாம் என்று இருந்தேன். பிறகு ஒரு வேலையாகக் கூடலூர் போனவள், தாளூர் தாண்டி சுல்தான் பத்தேரியில் தெரிந்த ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். கேரள அரசுப் பள்ளிகளில் 2000-களின் நடுவிலிருந்து லினக்ஸ்தான், பத்தாம் வகுப்பு கணினித் தேர்வும் அதில்தான். அமைச்சரவைகள் மாறின, கட்சிகள் மாறின, லினக்ஸ் மாறவில்லை. எப்படி என்று கேட்டேன். ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களிலிருந்தே மாவட்டம்தோறும் முதன்மைப் பயிற்றுநர்களை எடுத்தார்கள், பள்ளிக்கான பதிப்பையும் உள்ளேயே தயாரித்தார்கள் என்றார். 2017-இல் அந்தப் பள்ளிக் கணினித் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாகவும் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தபோது மியூனிக் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் அந்த மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2014-இல் மேயர் மாறினார், 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே போவதென்று மாமன்றம் முடிவெடுத்தது. அங்கே பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே மேலே ஆள் மாறினால் ஆட்டம் காணும் என்றால் என் அதிகாரியின் மாற்றல் எம்மாத்திரம்? என் கணிப்பு இது: அலுவலகத்துக்கு உள்ளேயே சம்பளம் வாங்கும் நாலு பேர் லினக்ஸ் தன்னார்வலர் சமூகத்தின் ஆட்களாக ஆகாதவரை, வெளியிலிருந்து நாம் எவ்வளவு நல்ல மென்பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது அடுத்த மாற்றல் வரைதான் தாங்கும்.

ஆகவே நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். விலைப்புள்ளியில் மென்பொருளின் விலை சுழியம் என்று தெளிவாக எழுதுகிறேன். கூலியை மென்பொருள் என்ற தலைப்பில் கேட்பதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று கேட்கிறேன். கணினிப் பராமரிப்புக்கு எந்த அலுவலகத்திலும் கணக்குத் தலைப்பு இருக்கிறது, தணிக்கையாளருக்கும் அது பழகிய சொல். கண்காணிப்பாளரின் "யாருக்குக் கடிதம் எழுதுவது" என்ற கேள்விக்கும் அதுவே பதில். உதிரி பாகங்களை நான் வாங்குவதில்லை, பட்டியலைக் கொடுத்து அலுவலகத்தின் பெயரிலேயே வாங்கச் சொல்கிறேன். பணி ஆணையில் தேதி, எண், முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதிகாரியின் வாய்மொழி எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் கோப்பில் ஏறாத சொல் அவரோடு லாரி ஏறிப் போய்விடும். இரண்டு ஊழியர்களுக்காவது பயிற்சி கொடுத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை உறையிலிட்டு அலுவலகப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். மலைப்பாதையில் மண் சரிந்து இணைய இழை அறுந்தால் நாள்கணக்கில் தொடர்பு இருக்காது. அதற்காக டெபியன் தொகுப்புகளின் நகலை உள்ளே ஒரு கணினியில் வைத்துவிடுகிறேன். பழைய எழுத்துருவை மாற்ற எழுதிய நிரலையும் பொதுவில் வெளியிட்டிருக்கிறேன், இப்போது வேறு ஊர்க்காரர்கள் பிழை திருத்தி அனுப்புகிறார்கள்.

பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒவ்வோர் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணையும் எழுதி, அவை உங்கள் கணினிகளில்தான் இருக்கின்றன, பதிவேட்டில் ஏற்றுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடிக் கண்காணிப்பாளர்தான் பின்னேற்பு (முடிந்துபோன செலவுக்குப் பிறகு ஒப்புதல் தருவது) என்று ஒரு வழி இருப்பதைச் சொல்லி, தானே குறிப்பு எழுதி, புதிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினார். இந்த மார்ச் கடைசியில் 29,000 ரூபாய் வந்தது. குறைந்த விலைப்புள்ளி எதுவோ அதற்குத்தான் தர முடியும் என்று மீதியைக் கழித்துவிட்டார்கள். கூலி 26,000 வரவில்லை, வராது. பதினொன்றில் ஏழு கணினிகளில் இன்னும் டெபியன் ஓடுகிறது. ஒன்று நாங்களே விண்டோஸுக்குத் திருப்பியது. மற்ற மூன்றிற்கு யாரோ விண்டோஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், உரிமம் உள்ளதா என்று நான் கேட்கவில்லை. தட்டச்சர் அக்கா அவ்வப்போது கடைக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் அந்தத் தட்டச்சு விசைப்பலகையைப் போட்டுத்தர வேண்டும், எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறேன் அக்கா, ஆணை வந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.